முயல் என்னிடம்தான் வந்தது

முயல் கத்துவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முயல் என்றால் கூண்டுக்குள் வெள்ளையாக உட்கார்ந்து கேரட் தின்னும் ஒரு பொருள். ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பேத்திக்காக இரண்டு வாங்கி வந்திருக்கிறார். "சத்தமே போடாது சார், நாய் மாதிரித் தொல்லை கிடையாது" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். முயல் கத்தும். உயிர் போகிறது என்று அதற்குத் தோன்றும்போது மட்டும் கத்தும். கைக்குழந்தையின் குரல்வளையைப் பிடித்ததுபோல இருக்கும். எங்கள் வீட்டில் வளர்ந்த முயல் இரண்டு தடவை கத்தியது. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். முதல் தடவை அதைக் கத்த வைத்தவனே நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையோரம் வாடகை வீடு. கிழக்கே சவுக்குத் தோப்பு, அதற்கும் கிழக்கே கடல். அப்பா பக்கத்து அரசாங்க டவுன்ஷிப்பின் பம்ப் ஹவுசில் வேலை பார்த்தார். மாதச் சம்பளக்காரர் என்பதால் தெருவில் அவருக்கு மரியாதை உண்டு. வீட்டுக்குள் அவருக்குக் கை நீளும். சீப்பு, செருப்பு, சைக்கிள் பம்ப் என்று எது கையில் அகப்படுகிறதோ அதுதான். அந்தக் காலத்தில் அடிக்காத அப்பா உண்டா என்பீர்கள். உண்டு. உங்களில் சிலருக்கு வாய்த்திருக்கும், எனக்கு வாய்க்கவில்லை.

எங்களோடு அப்பாவின் தம்பியும் இருந்தார். என் சித்தப்பா. இருபத்திரண்டு வயது, வேலை கிடையாது. லாரி செட்டில் எடுபிடியாக இருந்து வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். டவுன்ஷிப் வண்டிகளுக்கு டிரைவர் எடுக்கும்போது சொல்லிச் சேர்த்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை சித்தப்பா எங்கள் வீட்டில் தண்ணீர் இறைத்தார், விறகு பிளந்தார், அப்பாவிடம் திட்டு வாங்கினார். பதிலுக்கு முறைப்பார். அந்த முறைப்புக்கும் சேர்த்து வாங்குவார்.

அந்த வருடம் தை மாதம் தோப்பை வெட்டினார்கள். சவுக்கு வெட்டுவதில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நான்கு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருவார்கள். தோப்பில் இருந்த முயல், கீரி, உடும்பு எல்லாம் மிச்சமிருக்கும் நிழலுக்குள் ஒதுங்கி ஒதுங்கிப் போகும். கடைசி நாளில் நடுவே ஒரு வீட்டு அளவுக்குத்தான் மரம் நிற்கும். அன்றைக்குச் சுற்றுவட்டாரமே கம்பும் கையுமாக வந்து வளையம் கட்டி நிற்கும். மேஸ்திரி விசில் ஊதினால் வெட்டுக்காரர்கள் உள்ளே இறங்குவார்கள். வெளியே ஓடி வருவது யாருடைய கம்பில் விழுகிறதோ அது அவருக்கு.

அம்மா அப்போது ஏழு மாதம். நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று எங்கள் இருவரிடமும் சொன்னாள்:

"வேடிக்கை பாத்துட்டு வந்துருங்க. கம்பு எடுக்கக் கூடாது. புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல உசுர அடிச்சா வயித்துல கீறதுக்கு ஆவாது."

"நான் இன்னாத்துக்கு எடுக்கப் போறேன் அண்ணி. இவன் தோள்ல குந்திகினு பாப்பான், அவ்ளோதான்" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னபடிதான் நடந்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வளையத்தில் நின்றார். விசில் ஊதிய பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? முதலில் ஒரு கீரி வந்தது. நான்கு கம்புகள் ஒரே நேரத்தில் இறங்கின, அப்புறம் அது கீரியாக இல்லை. பிறகு முயல்கள். பழுப்பு உடம்பு, பிடரியில் கறுப்பு. அவை வளையத்தை நோக்கி நேராக ஓடி வந்தன, கால்களுக்கு இடையில் புகுந்து போய்விடலாம் என்று. மண்டை உடைகிற சத்தம் காய்ந்த தேங்காய் ஓட்டை உடைப்பதுபோலத்தான் இருந்தது. ரத்தம் மணலில் விழுந்த உடனே உள்ளே போய்விடும், கறுப்பாக ஒரு திட்டு மட்டும் நிற்கும். ஆட்கள் சிரித்தார்கள். காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் கம்பு குறி தவறி இன்னொருவன் முழங்காலில் விழ, அவர்கள் இருவரும் முயலை மறந்து ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் நல்லவனாகத் தெரிவேன். எனக்குக் கை அரித்தது. அதுதான் உண்மை. சித்தப்பா தோளிலிருந்து சறுக்கி இறங்கி, கீழே கிடந்த சவுக்குக் கழி ஒன்றை எடுத்தேன். ஒரு முயல்குட்டி, என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு, எங்கள் பக்கமாக வந்தது. ஓங்கி அடித்தேன். தலைக்குத்தான் குறி வைத்தேன். இடது பின்னங்காலில் விழுந்தது. அது கத்தியது.

அந்தச் சத்தத்தில் கழி என் கையிலிருந்து தானாக விழுந்தது. குட்டி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொருவன் கம்பை ஓங்குவதற்குள் நான் அதன் மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"அடிச்சதும் நீயே, அழுவுறதும் நீயே. இன்னாடா உன்னோட பேஜாரு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "யாரோ அடிச்சாங்கம்மா, நான் காப்பாத்துனேன்" என்றேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டார். அம்மா என் தலையைத் தடவினாள். அந்தத் தடவலுக்காகவே அந்தப் பொய் எனக்குப் பிடித்துப்போனது.

கட்டுப் போட்டது சித்தப்பா. பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு முட்டை வாங்கி, வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்தார். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிக் காலைச் சுற்றி வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து மாவில் தோய்த்துச் சுற்றினார். நான் முயலின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அதன் இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது, எண்ண முடியாத வேகம். மறுநாள் காலையில் பார்த்தால் போட்ட கட்டுப் பாதியைக் காணோம். உளுத்தமாவாயிற்றே, தின்றுவிட்டது. சித்தப்பா மறுபடி கட்டினார். அதையும் தின்றது. மூன்றாவது கட்டின் மேல் வேப்பெண்ணெய் தடவினார். அதன் பிறகு அது வாய் வைக்கவில்லை. காய்ந்தால் மறுபடி கடிக்கும் என்று தினமும் காலையும் மாலையும் தடவினார். அவர் கை எப்போதும் வேப்பெண்ணெய் நாறிற்று. அவர் வருவதைக் கண்டாலே முயல் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் போய் ஒளியும்.

தீனி போடுவது என் வேலை. அருகம்புல், முள்ளங்கி இலை, வேர்க்கடலைக் கொடி. பச்சைக் கடலை என்றால் அதற்கு உயிர். ஒரு கடலையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு தரையில் கையை நீட்டினால் எங்கிருந்தாலும் நொண்டிக்கொண்டு வந்து மூக்கால் விரல்களை நெம்பும். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "எம்புள்ளைக்கு இளகுன மனசு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அப்பாகூட ஒரு நாள் சைக்கிள் கேரியரில் முட்டைக்கோஸ் இலை கட்டிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டேன். முயலை மெய்யாகவே நேசித்தேன், அதில் பொய் இல்லை. என் பொய்க்கு அந்த நேசம் போதுமான சாட்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

தெரு நாய்களோடு எனக்கு அந்த மாதங்களில் தினமும் சண்டை. கொல்லைப் படலைப் பிராண்டிக்கொண்டு வரும். கல்லால் அடித்து ஒரு நாயின் கண்ணைக் கெடுத்தேன். முயலைக் காப்பாற்றுகிறேன் என்கிற பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்தது எனக்கு.

பங்குனியில் தங்கை பிறந்தாள். முயலின் கட்டை அவிழ்த்து இரண்டு வாரமாகியிருந்தது. முயல் லேசாக நொண்டியபடி வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா தனியாக வந்தார். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, குழந்தையின் இடது பாதம் உள்பக்கமாக மடங்கி இருக்கிறது. வாராவாரம் மாவுக்கட்டுப் போட்டால் நேராகிவிடும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

அம்மாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்த அன்று, பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தை பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கும்போது இந்த வூட்ல யாருனா எந்த உசுருக்குனா கால ஒடச்சீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்விட்டாள். முயல் அப்போது கூடத்தின் நடுவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. அப்பா அதன் இடது பின்னங்காலைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"தோப்புல கம்பு எடுத்தியாடா?"

"நான் எடுக்கலண்ணா."

"பின்ன யாரு எடுத்தது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நானே சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு, "இவன்தான் அடிச்சான். நான் பாத்தேன். சின்னப் பையன், தெரியாம அடிச்சிட்டான், உட்டுடு" என்றார்.

"எம்புள்ளயா? ராவும் பகலும் அத மடியில வச்சிகினு கீறவனா?" அப்பாவின் குரல் உயரவில்லை. அவர் குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும். "பச்சப் புள்ள மேல பழி போடுறியா?"

அதற்குப் பிறகு அப்பா விசாரணையில் இறங்கினார். தீர விசாரிக்கிறார் என்று அவரே நம்பினார். கதவைச் சாத்தினார். என்னை ஒரு சுவரோரமும் சித்தப்பாவை எதிர்ச்சுவரோரமும் உட்கார வைத்தார். முயலைக் காதோடு தூக்கி நடுவில் விட்டார்.

"வாயில்லா ஜீவன், அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கால ஒடச்சவன்கிட்ட அது போவாது. ரெண்டு பேரும் கைய நீட்டுங்க."

என் டவுசர் பையில் எப்போதும் கடலை இருக்கும். அப்பா திரும்பிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட நேரத்தில் ஒன்றை எடுத்து மூடிய கைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வயதில் அவ்வளவு தெரிந்திருந்தது எனக்கு. எதிரே சித்தப்பா கையை விரித்து நீட்டினார். முயலின் காலுக்கு வேப்பெண்ணெய் போட்டுப் போட்டு நகக்கண் வரை மஞ்சளேறிய கை. அதன் காலைச் சேர்த்து வைத்த கை. முயல் அந்தப் பக்கம் ஒரு தடவை மூக்கை ஆட்டியது. சட்டென்று திரும்பி என்னிடம் ஓடி வந்து, விரல்களை நெம்பியது.

அப்பா மூலையிலிருந்த கதவு முட்டுக் கட்டையை எடுத்தார். முதல் அடி சித்தப்பாவின் தோளில். இரண்டாவது முதுகில். "அண்ணா, சொல்றதக் கேளு" என்றார் சித்தப்பா. அப்பா கேட்கவில்லை. உள்ளிருந்து அம்மா குழந்தையோடு எழுந்து வர முடியாமல் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். மூன்றாவது தலைக்கு இறங்கியது. சித்தப்பா வலது கையைக் குறுக்கே கொடுத்தார். மணிக்கட்டு போன சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கைக்குள்ளிருந்த கடலையை முயல் கொறித்துக்கொண்டிருந்தது. அடுத்த அடி எனக்கு விழும் என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது.

சித்தப்பா அன்று மாலையே போய்விட்டார். எங்கேயோ நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டாராம். முயலின் கால் சேர்ந்ததுபோல அவர் கை சேரவில்லை. கோணலாக நின்றுவிட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப வராது. டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தபோது அப்பா அவர் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாள் காலையில் அப்பா முயலை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இது இந்த வூட்ல இருக்கக் கூடாது. எங்க இருந்து வந்துச்சோ அங்கயே வுட்டுட்டு வா" என்றார். எங்கிருந்து வந்ததோ அந்த இடம் இப்போது இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை. தோப்பு இருந்த இடத்தில் வெறும் மணலும் அடிக்கட்டைகளும்தான். ஒளிய ஒரு புதர் கிடையாது. பையைத் திறந்தேன். அது என் காலருகே உட்கார்ந்து கடலைக்காகக் காத்திருந்தது. போ, போ என்று மணலை வாரி எறிந்தேன். நொண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. ஊர்ப் பக்கத்திலிருந்து மூன்று நாய்கள் வந்தன. ஒற்றைக்கண் நாயும் இருந்தது. கல்லைத் தேடினேன், மணலில் ஏது கல். இரண்டாவது தடவை கத்தியது அப்போதுதான். நாய்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நான் ஓடி வந்துவிட்டேன்.

தங்கையின் கால் டாக்டர் சொன்னபடியே நேரானது. ஓடினால் மட்டும் லேசாகச் சாயும். ஏறக்குறைய ஐம்பது வருடங்களாக அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று அறுபடும். அவள் இப்போது பள்ளி டீச்சராக இருக்கிறாள். போன வருடம் ஒரு நாள் தாங்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கோபப்பட்டது என் மேல்தான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

"மொசல் காலுக்கும் என் காலுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? வயித்துல குழந்தை படுக்குற வாகுல அப்படி ஆவும். படிச்சவன்தானே நீ? என் காலுக்காக இத்தினி வருசமா அழுதுகினு இருந்தியே, அந்த மனுசன் கைக்கு என்னிக்காவது அழுதியா?"

என் தங்கை சொன்னது செருப்படி. நான் அழுததில்லை. என் கண்ணீர் முழுவதையும் ஏதோ சாபத்துக்குச் செலவழித்திருந்தேன். நான் செய்ததற்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. மறு வாரமே பஸ் ஏறி அச்சரப்பாக்கம் போனேன்.

சித்தப்பாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. மணிலா மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், காவலாளாக இருந்து ஓய்ந்து, இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "சித்தப்பா, அன்னிக்கு மொசல அடிச்சது நான்தான். கையில கடலையும் வச்சிருந்தேன்."

"கடல விசயம் எனக்குத் தெரியாது" என்றார். "அடிச்சத நான்தான் பாத்தேனே. பாத்தவன்கிட்ட வந்து சொல்றதுக்கா இவ்ளோ தூரம் பஸ்ல வந்தே?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கோணல் கையை ஆட்டினார்.

"உங்கப்பன் கடைசியில எத்தினி வருசம் உன்கூட இருந்தான்?"

"பதினோரு வருசம், சித்தப்பா."

"சாவுறதுக்கு முன்னாடி போன் போட்டான், தெரியுமா உனக்கு?"

தெரியும். எண்ணைப் போட்டு அப்பாவின் காதில் வைத்தவன் நான்தான். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். பேச்சு குழறும். "எல்லாத்தியும் மன்னிச்சிட்டேன்டா, வா" என்று மூன்று தடவை சொன்னார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். சித்தப்பா சாவுக்கும் வரவில்லை. ஊரெல்லாம் அவரைக் கல்நெஞ்சக்காரன் என்றது. நானும் அந்தக் கூட்டத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்கண்ணன் என்னை மன்னிச்சிட்டுப் போயிட்டான்டா" என்றார் சித்தப்பா. "நான் செய்யாததுக்கு மன்னிச்சிட்டுப் போயிட்டான். அத நான் யாருகிட்ட திருப்பிக் குடுக்குறது?"

பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.